சுவீடன் நாட்டுக் கிராமியப் பிடில்: செவிவழி வந்த ஒரு கலை



வயலின் என்றும் பிடில் என்றும் வழங்கும் கருவியை நாம் நன்கு அறிவோம். கோயில் திருவிழாக் கச்சேரியில், பாடகருக்கு அருகே சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் தலையைக் கால்மீது ஊன்றி ஒருவர் வாசிப்பதைக் கண்டிருக்கிறோம். வானொலியில் அதன் ஒலியைக் கேளாத நாள் இல்லை. ஆயினும் அது நம் முன்னோர் செய்த கருவியன்று. முத்துசாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசாமி தீட்சிதர், 1786 முதல் 1859 வரை வாழ்ந்தவர், சென்னையில் ஐரோப்பியரிடம் அதனைக் கற்றுக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர். நாம் அதை மடியில் கிடத்தினோம்; நம் கமகங்களை அதன் தந்திகளில் ஏற்றினோம்; நம்முடையதாகவே ஆக்கிக்கொண்டோம்.

அந்தக் கருவி பிறந்த ஐரோப்பாவில் அது அரண்மனைகளிலும் பெரிய நகரங்களின் இசை மன்றங்களிலும் மட்டும் ஒலித்தது என்று பலர் நினைக்கலாம். அப்படியன்று. ஏர் பிடித்த கையும் மரம் வெட்டிய கையும் அங்கே வில்லைப் பிடித்து இழுத்தன. ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள சுவீடன் நாட்டில், குடியானவர்கள் இந்தப் பிடிலை எவ்வாறு கற்றார்கள், அது எவ்வாறு அழியும் நிலைக்கு வந்தது, பின்னர் எப்படிப் பிழைத்தது என்பதையே இன்று பார்க்கப்போகிறோம்.

சுவீடன் காடும் ஏரியும் நிறைந்த நாடு. குளிர்காலத்தில் சில மணி நேரமே வெளிச்சம் இருக்கும். ஜூன் மாதக் கடைசியிலோ, நள்ளிரவிலும் முழு இருள் சூழாது. அந்த நாள்களில்தான் 'மிட்சம்மர்' என்னும் கோடை விழா. இலையும் பூவும் சுற்றிய நீண்ட கம்பத்தை நட்டு, அதைச் சுற்றி ஊரே கூடி ஆடும். நாட்டின் நடுப்பகுதியில் தாலர்நா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே சில்யான் என்னும் பெரிய ஏரி. ஏரியைச் சுற்றி ரெட்விக், லெக்சாண்ட், மோரா ஆகிய ஊர்கள். தாலர்நா மக்களுக்குச் சொந்தமாகச் சிறு நிலம் இருந்தது. ஆனால் அது வயிற்றுக்குப் போதவில்லை. ஆகவே ஆண்களும் பெண்களும் ஆண்டுதோறும் கூட்டங்கூட்டமாக நடந்து, தலைநகரான ஸ்டாக்ஹோமுக்கும் பிற இடங்களுக்கும் கூலி வேலைக்குச் சென்று திரும்பினர். சுவீடன் பிடில் இசைக்குப் பெயர்பெற்ற பகுதிகளுள் இது முதன்மையானது.

பிடில் வாசிப்பவரை அந்நாட்டு மொழியில் 'ஸ்பெல்மன்' என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் சுவீடனுக்கு வந்த பிடில், அடுத்த நூற்றாண்டில் கிராமங்களெங்கும் பரவியது. ஸ்பெல்மன் இல்லாமல் கல்யாணம் இல்லை. மணமக்கள் தேவாலயத்துக்குச் செல்லும்போது ஊர்வலத்தின் முன்னே அவர் வாசித்துக்கொண்டு நடப்பார். அதற்கென்றே நடைமெட்டுகள் உண்டு. விருந்திலும் அவரே, இரவெல்லாம் நடக்கும் ஆட்டத்திலும் அவரே. மறுநாள் காலையில் அவர் மீண்டும் குடியானவர், தையற்காரர், கொல்லர், அல்லது படைவீரர். இசையை மட்டும் நம்பிப் பிழைத்தவர் மிகச் சிலரே.

தாலர்நாவில் ஒரு வழக்கம் இருந்தது. குடும்பம் வாழும் பண்ணைவீட்டின் பெயரை ஆளின் பெயருக்கு முன்னே சேர்த்துச் சொல்வார்கள். பிங்ஷோ என்ற சிற்றூரில் பெக்கோஸ் என்ற வீட்டைச் சேர்ந்த பேர் என்பவர் 'பெக்கோஸ் பேர்' ஆனார். யோர்ட் என்ற வீட்டின் ஆண்டர்ஸ் 'யோர்ட் ஆண்டர்ஸ்' ஆனார். இந்த இரண்டு பெயர்களையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

இனி, கற்ற விதத்துக்கு வருவோம்.

பள்ளி இல்லை; பாடப்புத்தகம் இல்லை; பெரும்பாலோருக்குச் சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. பிடில் விலையுயர்ந்த பொருளாதலால், சிறுவர்கள் தொடக்கூடாதென்று அது சுவரில் உயரத்தில் தொங்கும். அப்பா வயலுக்குப் போனதும் அதை மெல்ல எடுத்துப் பார்த்த பிள்ளைகளின் கதைகள் எத்தனையோ. தெற்கே ஸ்கோனே என்னும் மாநிலத்தில் ஏழை எளியவர்கள் வேறொரு வழி கண்டார்கள். அங்கே மக்கள் மரத்தைக் குடைந்து செய்த செருப்பு அணிவார்கள். அந்த மரச்செருப்பையே பிடிலின் வயிறாக வைத்து, மேலே பலகை மூடி, கழுத்துப் பொருத்தித் தந்தி கட்டினார்கள். 'செருப்புப் பிடில்' என்றே அதற்குப் பெயர். அருங்காட்சியகங்களில் இன்றும் அவற்றைக் காணலாம். ஒலி பெரிதாக இராது. ஆனால் விரல் பழக அது போதும்.

கருவி கிடைத்தபின் ஆசான் வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு கிழவர் நன்றாக வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டால் பையன் நடந்தே போவான். கிழவர் அவனுக்கெனத் தனியாக எதையும் சொல்லித்தரமாட்டார். வாசிப்பார், அவன் பார்ப்பான். மறுபடி வாசிப்பார், அவன் தன் பிடிலில் தடவித் தடவி அந்த மெட்டைத் தேடுவான். மெட்டு மறந்துவிடாமல் வழியெல்லாம் வாயால் முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்புவான். வழியில் யாராவது பேச்சுக்கொடுத்தால் அவ்வளவுதான், மெட்டு போய்விடும்!

ஆனால் இந்த வித்தையை மனிதர் மட்டுமே கற்றுத்தருவதாக அந்த மக்கள் நம்பவில்லை. ஆறுகளிலும் நீர்வீழ்ச்சிகளிலும் 'நெக்கன்' என்னும் நீர்த்தேவன் வாழ்கிறான், பிடிலில் அவனுக்கு இணை எவரும் இல்லை என்பது அவர்களின் நம்பிக்கை. வியாழக்கிழமை இரவில் ஆற்றங்கரைக்குப் போய்க் காணிக்கை செலுத்தி வேண்டினால், அவன் மாணாக்கனின் விரல்களைப் பிடித்துத் தந்திகள்மேல் இரத்தம் வரும்வரை தேய்ப்பானாம். அதன்பின் அவன் வாசித்தால் மரமும் ஆடும். நீர்த்தேவனிடம் பதினொரு மெட்டுகள் இருந்ததாக மற்றொரு கதை சொல்லும். பத்து மெட்டுகளை மனிதர் வாசிக்கலாம். பதினொன்றாவது அவனுக்கு மட்டுமே உரியது. அதை யாராவது வாசித்துவிட்டால் மேசையும் பெஞ்சும், கிழவரும் கிழவியும், தொட்டிலில் கிடக்கும் குழந்தைகூட எழுந்து ஆடத் தொடங்கிவிடும், நிறுத்தவே முடியாது.

இதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. விரலில் இரத்தம் வருமளவுக்குப் பழகாமல் பிடில் கைவராது என்பது கருவியைத் தொட்டவர் அனைவருக்கும் தெரியும். அந்தப் பாடத்தைத்தான் அவர்கள் கதையில் வைத்துச் சொன்னார்கள் போலும்.

கற்றுக்கொள்ள அத்தனை கடினமாக இருந்தது எது? மெட்டுகள் நீண்டவை அல்ல. பெரும்பாலும் இரண்டே பகுதிகள். ஒவ்வொன்றையும் இருமுறை வாசிப்பார்கள். அருமை முழுவதும் தாளத்தில் இருக்கிறது. சுவீடன் கிராமிய இசையின் உயிர்நாடி 'பொல்ஸ்கா' என்னும் நடனம். பெயரிலேயே போலந்து நாடு இருப்பதைக் கவனிக்கலாம். 1592 முதல் 1599 வரை சிகிஸ்மண்ட் என்ற ஒரே மன்னர் போலந்துக்கும் சுவீடனுக்கும் அரசராக இருந்தார். அக்காலத்தை ஒட்டி இரு நாடுகளுக்குமிடையே இருந்த உறவின் வழியே அந்த நடனம் வடக்கே வந்ததென்பர். வந்தபின் அது முற்றிலும் சுவீடன் நாட்டுப் பொருளாகிவிட்டது.

பொல்ஸ்காவுக்கு மூன்று அடிகள் கொண்ட தாளம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் முதலடியும் மூன்றாமடியும் அழுந்தி விழும். வாசிப்பவர் அந்த இரண்டு அடிகளுக்கும் காலால் தரையைத் தட்டுவார். இதுவரை எளிதுதான். ஆனால் தாலர்நா, வார்ம்லாந்து மாநிலங்களின் சில மெட்டுகளில் இந்த மூன்று அடிகளும் ஒரே அளவாக இருப்பதில்லை. முதலடி குறுகும், அடுத்தது நீளும். எவ்வளவு குறுகும், எவ்வளவு நீளும் என்றால் அதற்குக் கணக்கில்லை. ஊருக்கு ஊர் மாறும். ஓர் ஊர்க்காரர் அடுத்த ஊர் ஆட்டத்துக்கு வாசித்தால் ஆடுபவர்களின் கால் இடறும். அந்த அளவு ஆடுபவரின் உடம்பிலும் வாசிப்பவரின் காலிலும் மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

வாசிக்கும் முறையும் வேறு. பிடிலைத் தாடைக்கடியில் இறுக்காமல் மார்போடு தாழ்த்திப் பிடித்தவர் பலர். ஒரு தந்தியில் மெட்டை வாசிக்கும்போதே பக்கத்துத் தந்தியையும் வில் தொட்டுக்கொண்டு போகும். அது தம்பூராவைப்போல் அடியில் சுருதியாக நின்று ஒலிக்கும். சில மெட்டுகளுக்குத் தடித்த தந்திகளின் சுருதியைச் சற்றுக் கூட்டிவைப்பார்கள். அப்போது கருவி முழுவதும் அதிர்ந்து, ஒரே பிடில் இரண்டு மூன்று பிடில்போல் கேட்கும். பியானோவில் காணமுடியாத இடைச்சுரங்களும் பழைய மெட்டுகளில் வரும். நகரத்து வித்துவான்கள் சிலர் அவற்றைக் கேட்டு, 'பாவம், கிராமத்தானுக்குச் சுருதி சேரவில்லை' என்று எண்ணினார்கள். சேராதது அவர்களுடைய காதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கலைக்குச் சோதனைக்காலம் வந்தது. ஒருபுறம் கடுமையான சமய மறுமலர்ச்சி ஊர் ஊராகப் பரவியது. குடியும் ஆட்டமும் பாவம். ஆட்டத்துக்கு வாசிக்கும் பிடில் பிசாசின் கருவி என்று போதகர்கள் சொன்னார்கள். குடிவெறியால் குடும்பங்கள் சீரழிந்த காலம் அது. ஆகவே அந்தப் போதனையில் பொருளே இல்லை என்று சொல்ல இயலாது. ஆனால் குடியோடு சேர்த்துப் பிடிலையும் அவர்கள் கொளுத்திவிட்டார்கள். தங்கள் பிடிலைத் தாங்களே அடுப்பில் இட்டவர்களும் உடைத்தவர்களும் உண்டு. வடமேற்கே யெம்ட்லாந்து மாநிலத்தில் லாப் நில்ஸ் என்ற பெரும்புகழ் பெற்ற வாசிப்பாளர் இருந்தார். 1804இல் பிறந்து 1870இல் மறைந்தவர். அவரும் வயதான காலத்தில் சமயப் பற்று மிகுந்து பிடிலைக் கீழே வைத்துவிட்டாரென்று கூறப்படுகிறது. அவருடைய பொல்ஸ்காக்களோ மற்றவர்களின் விரல்களில் ஏற்கெனவே குடியேறிவிட்டன. இன்றும் அவர் பெயராலேயே அவை வாசிக்கப்படுகின்றன.

ஹெல்சிங்லாந்து மாநிலத்தின் ஹோர்கா என்ற ஊரில் ஒரு கதை வழங்குகிறது. சனிக்கிழமை இரவு இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்த இடத்துக்குப் புதியவன் ஒருவன் பிடிலோடு வந்தான். அவன் வாசித்த மெட்டுக்கு ஆடியவர்கள் நிறுத்த முடியாமல் மலையுச்சிவரை ஆடிக்கொண்டே போனார்கள். எலும்பாகித் தேயும்வரை அங்கேயே சுற்றினார்கள். வந்தவனுக்கு மனிதக் கால் இல்லை, குளம்புதான் இருந்தது என்பது கதையின் முடிவு. பிடிலைப் பற்றி மக்கள் மனத்தில் இருந்த அச்சத்துக்கு இது ஒரு சான்று. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிசாசு வாசித்ததாகச் சொல்லப்படும் மெட்டையே சுவீடன் மக்கள் இன்றும் விரும்பி வாசிக்கிறார்கள்.

மறுபுறம் அக்கார்டியன் என்னும் துருத்திக் கருவி வந்தது. தொழிற்சாலையில் செய்யப்பட்டு மலிவாக விற்கப்பட்டது. ஓசை பெரிது, கற்பதும் எளிது. சுருதி சேர்க்க வேண்டியதில்லை. ஒரே ஆள் ஒரு கூடம் நிறைய ஆட்களை ஆடவைக்கலாம். இளைஞர்கள் அதன்பின் போனதில் வியப்பில்லை. அவர்கள் விரும்பியதும் வால்ஸ் போன்ற புது நடனங்களையே.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அடி வறுமை. 1860களின் இறுதியில் பயிர் பொய்த்துப் பஞ்சம் வந்தது. 1850க்கும் 1930க்கும் இடைப்பட்ட காலத்தில் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடன் மக்கள் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார்கள். ஊரில் மிஞ்சியவர்கள் மரம் அறுக்கும் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் போனார்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் வழிவந்த நமக்கு, மூட்டை கட்டும்போது எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுச்செல்வது என்ற தவிப்பை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சிலர் பிடிலை எடுத்துச் சென்றார்கள். ஆனால் அதைக் கேட்டுக் கற்கவேண்டிய பையன்கள் ஊரில் இல்லாதபோது, ஊரிலேயே தங்கிவிட்ட கிழவர் யாருக்கு வாசிப்பார்?

இந்நிலையில் முன்வந்தவர்களில் ஒருவர் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன். 1860இல் மோராவில் பிறந்தவர். தந்தையைக் கண்டதில்லை. தாத்தா பாட்டியின் பண்ணையில் ஏழைப்பிள்ளையாக வளர்ந்தவர். ஓவியத்தில் பெரும்புகழ் அடைந்து, அமெரிக்க அதிபர்களின் உருவங்களையே தீட்டியவர். கைநிறையப் பொருளோடு மோராவுக்குத் திரும்பிய அவர், சிறுவயதில் கேட்ட இசை மறைந்துகொண்டிருப்பதைக் கண்டார். 1906ஆம் ஆண்டு சில்யான் ஏரிக்கரையில் யெசுண்டா என்ற ஊரில் கிராமிய வாசிப்பாளர்களுக்கு ஒரு போட்டி நடத்தினார். பிடிலோடு மாட்டுக்கொம்பு போன்ற பழைய இடைக்கருவிகளும் ஒலித்தன. அக்கார்டியனுக்கு இடமில்லை. முதியவர்களிடமிருந்து கற்ற பழைய மெட்டுகளுக்கே மதிப்பு.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1910இல், ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில், நாடெங்குமிருந்து வாசிப்பாளர்கள் ஒன்றுகூடினார்கள். அதற்கென ஒரு பதக்கத்தைச் சோர்ன் வரைந்து கொடுத்தார். 'சோர்ன் பதக்கம்' என்ற பெயரில் அது இன்றளவும் நிலைத்திருக்கிறது. ஊரில் 'பிசாசின் ஆள்' என்று ஏசப்பட்ட கிழவர், தலைநகரில் கைதட்டல் பெற்று, நெஞ்சில் வெள்ளி மின்ன ஊர் திரும்பினால் எப்படியிருக்கும்! தூற்றிய ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஆயினும் போட்டி என்பது இந்தக் கலைக்கு இயல்பானதன்று என்பது நம் கருத்து. ஆட்டத்துக்கு வாசித்தவரை மேடையில் ஏற்றி ஆடாதவர்முன் வாசிக்கச் சொன்னால், இசையில் ஏதோ ஒன்று குறையத்தான் செய்யும். அன்றைய நிலையில் வேறு வழி இருந்ததாகவும் தோன்றவில்லை.

மற்றொருவர் வழக்கறிஞர் நில்ஸ் ஆண்டர்சன். செருப்புப் பிடில் வழங்கிய ஸ்கோனே மாநிலத்தில் பிறந்தவர். ஊர் ஊராகச் சென்று முதியவர்களை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு மெட்டையும் சுரக்குறிப்பில் எழுதினார். 1908இல் இதற்கென ஒரு குழுவும் அமைந்தது. அவர் 1921இல் காலமானபோது நூல் அச்சேறவில்லை. அவருடன் பணியாற்றிய ஊலொஃப் ஆண்டர்சன், தாமே ஒரு கிராமிய வாசிப்பாளர், அந்தப் பணியைத் தோளில் ஏற்றார். 1922 முதல் 1940 வரை 'ஸ்வென்ஸ்கா லோத்தர்', அதாவது 'சுவீடன் மெட்டுகள்', என்ற பெயரில் இருபத்து நான்கு தொகுதிகள் வெளிவந்தன. ஏறத்தாழ எட்டாயிரம் மெட்டுகள்! மெட்டோடு வாசித்தவரின் பெயர், ஊர், அவர் யாரிடம் கற்றார் என்ற செய்திகளும் அதில் உண்டு. ஏழைக் குடியானவர்களின் பெயர்கள் ஒரு நாட்டின் இசை வரலாற்றில் இப்படி வரிசையாக அச்சேறியது அரிய செய்தியாகும்.

மெட்டுகள் காப்பாற்றப்பட்டன. இசை காப்பாற்றப்பட்டதா?

பொல்ஸ்காவின் ஏற்றத்தாழ்வான அடிகளைப் பற்றிச் சொன்னோமல்லவா? அச்சிட்ட சுரக்குறிப்பில் அவை மூன்று சமமான அடிகளாகவே நின்றன. இசைக்கல்லூரியில் பயின்ற ஒருவர் புத்தகத்தைத் திறந்து அட்சரம் பிசகாமல் வாசிப்பார். மெட்டு சரியாகவே இருக்கும். ஆனால் அந்த ஊர்க்காரர் அதற்கு ஆட எழமாட்டார். எலும்புக்கூடு கிடைத்தது, நடையைத் தருவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் இன்னும் உயிரோடு இருந்தால்தான் உண்டு.

நல்லவேளையாகச் சிலர் இருந்தார்கள். முன்னே நினைவில் வைக்கச் சொன்ன இரு பெயர்களுக்கு இப்போது வருவோம். பிங்ஷோ சிற்றூரின் பெக்கோஸ் பேர் 1808இல் பிறந்து 1877இல் மறைந்தவர். அவரிடம் சிறுவனாகக் கற்றவர் 1865இல் பிறந்த யோர்ட் ஆண்டர்ஸ் ஓல்சன். கிழவர் மறைந்தபோது பையனுக்குப் பன்னிரண்டு வயதுதான். அந்தச் சில ஆண்டுகளில் காதில் விழுந்ததை அவர் வாழ்நாள் முழுதும் சுமந்தார். 1952 வரை வாழ்ந்தார். ஆக, இருவர் வாழ்நாளைக் கோத்துப் பார்த்தால் நூற்றுநாற்பத்து நான்கு ஆண்டுகள். மூன்றாமவரும் ஒருவர் உண்டு. 1930இல் பிறந்த ஊலெ யோர்ட், முதுமையிலிருந்த யோர்ட் ஆண்டர்ஸிடம் கற்றார். பின்னாளில் ஸ்டாக்ஹோம் அரச இசைக் கல்லூரியில் கிராமியப் பிடிலைக் கற்பித்தார். ஒருகாலத்தில் கிராமத்தானுக்குச் சுருதி சேரவில்லை என்று நகைத்த அதே நகரத்தில், அந்தக் கிராமத்தானின் வாசிப்பு கல்லூரிப் பாடமாயிற்று.

வானொலிக்கும் இதில் பங்குண்டு என்பதை நாம் மகிழ்ச்சியோடு சொல்லவேண்டும். 1940களின் இறுதியிலிருந்து சுவீடன் வானொலியைச் சேர்ந்த மாத்ஸ் ஆர்ன்பேரி என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு கிராமம் கிராமமாகப் பயணம் செய்தார். முதியவர்களின் வாசிப்பையும் பாட்டையும் அவரவர் இருப்பிடத்திலேயே பதிவுசெய்து ஒலிபரப்பினார். புத்தகத்தில் எழுத முடியாத அடியின் நீளமும், கால் தரையில் தட்டும் ஓசையும் அந்தப் பதிவுகளில் அப்படியே இருக்கின்றன. கிழவர் மறைந்தபின் பிறந்த பேரப்பிள்ளைகள் இந்த ஒலிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்றார்கள்.

1940களில் மற்றொரு மாற்றமும் ஏற்பட்டது. முன்பு ஒருவரோ இருவரோ வாசித்துவந்த இசையை, லெக்சாண்ட், ரெட்விக் போன்ற ஊர்களில் பலர் ஒன்றாகச் சேர்ந்து குழுவாக வாசிக்கத் தொடங்கினர். இக்குழுக்களில் ஆசிரியரும் இருந்தார். ஆலைத் தொழிலாளியும் இருந்தார். வாரத்தில் ஒரு மாலை கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார். சுவீடனில் 'கல்வி வட்டம்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. வேலை முடிந்து வந்தவர்கள் சிறு குழுவாகக் கூடி, கட்டணம் அதிகமின்றி ஏதேனும் ஒன்றைக் கற்பது. 1912இல் தொழிற்சங்க, தொழிலாளர் இயக்கங்களின் முயற்சியால் தோன்றிய தொழிலாளர் கல்விச் சங்கம் இதனை நாடெங்கும் வளர்த்தது. கணக்கும் சட்டமும் கற்ற அதே முறையில் பிடிலையும் கற்றார்கள். முன்பு ஆண்களின் கையிலேயே பெரும்பாலும் இருந்த பிடிலை இந்த வகுப்புகளில் பெண்களும் திரளாக எடுத்துக்கொண்டார்கள்.

1969இல் பிங்ஷோ சிற்றூரில், பெக்கோஸ் வீட்டு முற்றத்திலேயே, வாசிப்பாளர்களின் கோடைக் கூடல் ஒன்று தொடங்கியது. 1970களில் நகரத்து இளைஞர்கள் கிராமத்தை நோக்கித் திரும்பிய அலை எழுந்தபோது, பல்லாயிரக்கணக்கானோர் அந்தச் சின்னஞ்சிறு ஊரில் வந்து குவிந்தார்கள். மேடையில் நடப்பதைவிட மேடைக்கு வெளியே நடப்பதே அங்கு விசேஷம். மரத்தடியில் நால்வர், வேலியோரம் ஆறுபேர், நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே ஒரு கிழவரும் ஒரு சிறுமியும் என, இருட்டாத அந்த இரவு முழுதும் வாசிப்பார்கள். 'புதர் வாசிப்பு' என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரிட்டிருக்கிறார்கள். தெரிந்த மெட்டு காதில் விழுந்தால் யாரும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். தெரியாவிட்டால் ஓரமாக நின்று, மெட்டு பிடிபடும்வரை மெல்லத் தொடர்ந்து வாசிக்கலாம். முன்பின் அறியாதவர்கள் இப்படித்தான் ஆசானும் மாணவரும் ஆகிறார்கள்.

பிடிலின் உறவுக்கார வாத்தியம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 'நிக்கெல்ஹார்பா' என்பது அதன் பெயர். வில்லால்தான் வாசிப்பது, ஆனால் தந்தியை விரலால் அழுத்துவதற்குப் பதில் மரக்கட்டைகளை அழுத்துவார்கள். உப்லாந்து மாநிலத்துக்குரிய இக்கருவியை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வாசித்தவர் மிகச் சிலரே. ஏரிக் சால்ஸ்ட்ரோம் என்பவர், 1912 முதல் 1986 வரை வாழ்ந்தவர், அதனைத் தம் கையால் செய்தார், வாசித்தார், மற்றவர்களுக்கும் செய்யக் கற்றுக்கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் அதனை எடுத்துக்கொண்டார்கள். 1998இல் அவர் பெயரால் தூபோ என்ற ஊரில் ஒரு கல்வி நிலையம் எழுந்தது. 2023இல் யுனெஸ்கோ நிறுவனம், இந்தக் கருவியைக் கற்றும் கற்பித்தும் வரும் மக்களின் கூட்டுமுயற்சியைப் பண்பாட்டுப் பாதுகாப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு என்று தன் பதிவேட்டில் சேர்த்தது.

இன்று ஒருவர் சுவீடனில் கிராமியப் பிடில் கற்கப் போனால் என்ன நடக்கும்? ஆசிரியர் பெரும்பாலும் புத்தகத்தைத் திறக்கச் சொல்லமாட்டார். முதலில் மெட்டு முழுவதையும் வாசிப்பார். பிறகு சிறு துண்டு ஒன்றை மட்டும் வாசிப்பார்; வகுப்பு திரும்ப வாசிக்கும். மீண்டும் அதே துண்டு, பின் அடுத்தது, பின் இரண்டையும் சேர்த்து. காலைத் தட்டச் சொல்வார். கால் வரவில்லையெனில் பிடிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடனமாடச் சொல்வார். பொல்ஸ்காவைச் சுழன்று ஆடிப் பார்த்தவருக்கு, எந்த அடி குறுக வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். வில் கை அந்தக் காலைப் பின்தொடரும். மெட்டு கைவந்தபின், அதற்கு இணையாக வேறு சுரங்களில் துணைவாசிப்பு செய்யப் பழக்குவார்.

நன்கு தேறியவர்கள் சோர்ன் பதக்கத்துக்கான நடுவர்முன் வாசிக்கலாம். 1933 முதல் இந்தத் தேர்வு நடைமுறையில் இருக்கிறது. வெண்கலம் பெறலாம், வெள்ளி பெறலாம். வெள்ளி பெற்றவரை 'ரிக்ஸ்ஸ்பெல்மன்', அதாவது நாட்டின் வாசிப்பாளர், என்று அழைப்பார்கள். கைவேகத்தை மட்டும் காட்டி அதைப் பெற முடியாது. ஒரு பகுதியின் வழக்கை உள்வாங்கி வாசிக்கிறாரா என்பதே கேள்வி.

இம்மெட்டுகளில் பலவற்றுக்குத் தனிப்பெயர் கிடையாது. வாசிக்குமுன் 'பெக்கோஸ் பேரிடமிருந்து ஒரு பொல்ஸ்கா' என்பார்கள். அல்லது 'லாப் நில்ஸிடமிருந்து' என்பார்கள். இயற்றியவர் யாரென்று பெரும்பாலும் தெரியாது. யாருடைய கையிலிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த, பள்ளிக்கே போகாத ஒரு குடியானவரின் பெயரை, ஸ்டாக்ஹோமில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று சொல்லிவிட்டு, காலைத் தட்டி, வில்லைத் தந்தியில் வைக்கிறாள்.